வில்லன் மேல் வெறுப்பு வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கதையில் வில்லன் எல்லா அக்கிரமமும் செய்கிறான். படித்துப் பார்த்தவர்கள் நடையைப் பற்றிப் பேசுகிறார்கள், முடிவைப் பற்றிப் பேசுகிறார்கள். அவனைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை. இல்லாவிட்டால் அவனைத்தான் ரொம்பப் பிடித்தது என்கிறார்கள். சிறுகதை, நாவல், தொடர், திரைக்கதை எதுவானாலும் இந்தக் கோளாறு வரும் வழிகள் சிலதான். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்.

ஒன்று, உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பயம், பிரமிப்பு, வெறுப்பு மூன்றும் தனித்தனி. கம்பனின் இராவணன் பிரமிக்க வைக்கிறான். கயிலையைப் பெயர்த்தவன், வீணை மீட்டுபவன், முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்பும்போது மனம் இளகத்தான் செய்கிறது. கம்பன் வேண்டியதும் அதுவே. சிலப்பதிகாரத்தில் கோவலன்மேல் திருட்டுப் பழியைப் போட்டு அவனைக் கொல்ல வைத்த பொற்கொல்லனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பெயர்கூட இல்லை. நம் முன் அவன் நடமாடுவது கொலைக்களக் காதையின் பிற்பகுதியில் மட்டும். அவன்மேல் வரும் வெறுப்பு இன்றுவரை குறையவில்லை. உங்கள் வில்லன் இராவணன் வகை என்றால் இங்கே சொல்லும் மாற்றங்கள் அவனைக் கெடுத்துவிடும். பொற்கொல்லன் வகை என்றால் தொடருங்கள்.

இரண்டு, வில்லன் வரும் சீன்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு விவரம் குறியுங்கள்: எதை எடுத்தான், யாரிடமிருந்து எடுத்தான், யார் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அதன் பிறகு அவனுக்கு என்ன ஆனது. எந்தக் கட்டம் தொடர்ந்து காலியாக இருக்கிறதோ, பழுது பெரும்பாலும் அங்கேதான்.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு தனியார் பள்ளியின் தாளாளர். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண், பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளிக்கு மாற வேண்டும். கட்டண பாக்கி 6,500 ரூபாய். அதைக் காரணம் வைத்து மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி, அவளுக்குக் கிடைக்கவில்லை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

அறிகுறி 1: கொலை மேல் கொலை செய்கிறான், படிப்பவருக்கு ஒன்றும் ஆகவில்லை

மிகவும் அடிக்கடி வரும் கோளாறு இது. எழுதுபவர் உடனே வில்லனின் கொடுமையைக் கூட்டுவார். இரண்டு கொலை நான்காகும், நிலைமை இன்னும் மோசமாகும். திருத்த வேண்டிய இடம் வில்லன் வருவதற்கு முந்தைய பக்கங்கள்.

பாதிக்கப்படுபவர் பாதிக்கப்படுவதற்காகவே கதைக்குள் வந்தால் அவருக்காக யாருக்கும் வலிக்காது. கொலைக்களக் காதை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். அடைக்கலம் தந்த இடைக்குலப் பெண் மாதரியின் மனையில் கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்து அரிந்து மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. வாழைக் குருத்து விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள், வெற்றிலை பாக்கு தருகிறாள். அதற்குப் பிறகுதான் அவன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான். சமையலும் கொலையும் ஒரே காதைக்குள் இருக்கின்றன. அந்தச் சாப்பாடு இல்லாமல் பொற்கொல்லன் நேராக வந்திருந்தால் அது வெறும் செய்தியாகப் போயிருக்கும்.

ஆகவே இழப்புக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு அவளுடைய வேலை ஒன்றைக் கொடுங்கள். கெஞ்சாத, அழாத, தனக்காக எதையோ ஆசைப்பட்டுக் கையால் செய்கிற வேலை. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் பிளஸ் ஒன் உயிரியல் கைடு வாங்கி, பழைய காலண்டர் தாளில் அட்டை போடுகிறாள், அது போதும். தெரு நாய்க்குச் சோறு வைப்பது, முதியவரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிடுவது போன்றவை வேலைக்கு ஆகாது. அவை எழுத்தாளர் தரும் நன்னடத்தைச் சான்றிதழ், படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். 2,000 சொல் சிறுகதையில் முதல் 500 சொல்லுக்குள் இந்தக் காட்சி முடிந்திருக்க வேண்டும். நாவலில் பெரிய இழப்புக்கு முன் இப்படி இரண்டு காட்சிகளாவது தேவை, அதில் ஒன்றில் அவள் கொஞ்சம் முரண்டு பிடிப்பவளாகவும் இருக்கட்டும்.

அடுத்த காரணம், கொடுமையின் அளவு. நம்மில் பெரும்பாலானவர்கள் கொலையைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு மேசைக்கு முன்னால் காக்க வைக்கப்படாதவர் யாரும் இல்லை. பெரிய குற்றம் ஒன்றை வைத்திருந்தால், அதற்கு முன் சின்ன அவமானங்கள் இரண்டு மூன்றை வையுங்கள். தாளாளரைச் சத்தம் போட வைக்காதீர்கள். பாக்கிக்காக டிசியை நிறுத்திவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருப்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர் "தர மாட்டேன்" என்றே சொல்ல மாட்டார்.

"வாங்க வாங்க, உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா? என்னம்மா, நம்ம ஸ்கூல் புடிக்கலையா உனக்கு? அட, டிசி தானே, அது உங்க உரிமை. நான் தராம இருப்பனா? கிளார்க் இன்னைக்கு லீவு. திங்கட்கிழமை வந்துருங்க."

திங்கட்கிழமை போனால் பள்ளி முத்திரை இருக்கும் அலமாரியின் சாவி அவருடைய காரில் இருக்கும், கார் சேலம் போயிருக்கும். மூன்றாம் முறை கதவு சாத்திய அறையில், இதுவரை "நீங்க" என்றவர் "நீ" என்கிறார். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர் என்பதை முன்பே ஓரிடத்தில் சொல்லிவைத்திருந்தால் அந்த ஒரு மாற்றத்துக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

இந்த மூன்று வருகைகளையும் ஒரே நீளத்தில் எழுதக் கூடாது. முதலாவது 350 சொல், இரண்டாவது 120, மூன்றாவது நான்கைந்து வரி. ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு ஒரு நாள் சவாரி போகிறது என்பதை எண்ணிக்கையாகவே காட்டுங்கள். "பல முறை அலைக்கழித்தார்" என்று ஒரே வரியில் சுருக்கிவிட்டால் காத்திருப்பின் எரிச்சல் படிப்பவருக்கு ஏறாது.

அறிகுறி 2: கோபம் வருகிறது, அடுத்த அத்தியாயத்துக்குள் ஆறிவிடுகிறது

தாளில் மூன்றாவது, நான்காவது கட்டங்களைப் பாருங்கள். யாரும் பார்க்காத இடத்தில் நடந்த கொடுமையும், செய்த உடனே மாட்டிக்கொண்ட கொடுமையும் மனதில் தங்குவதில்லை.

தடுக்க முடிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கோவலனைக் கொல்லப் போன காவலர்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் கள்வனாகத் தெரியவில்லை என்று தயங்குகிறார்கள். அந்த ஒரு கணம் அவன் பிழைத்துவிடுவானோ என்று நமக்குத் தோன்றுகிறது. பொற்கொல்லன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு உதவும் எட்டையும் வரிசையாக எடுத்துச் சொல்கிறான். அரசியின் சிலம்பைத் திருடிய அவனே களவுநூல் பாடம் நடத்துகிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இந்தத் தயக்கத்தையும் பாடத்தையும் வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள். பாதி வெறுப்பு போய்விடும்.

நம் கதையில் அந்தக் காவலர் கிளார்க் அம்மாதான். கையெழுத்துப் போட்ட டிசி அவர் மேசை டிராயரிலேயே இருக்கிறது. பெண் வாசலில் நிற்கும்போது அவர் டிராயரைப் பாதி திறக்கிறார். தாளாளர் அறையிலிருந்து, "இந்த ஒரு புள்ளைக்குப் பாவம் பாத்தா, ஒழுங்கா ஃபீஸ் கட்டுற முன்னூறு பேருக்குத் துரோகம் பண்றோம்மா" என்கிறார், பொறுமையாக. டிராயர் மூடிக்கொள்கிறது. வில்லன் பேசும் நியாயம் கேட்பவரைக் கொஞ்சமாவது அசைக்கும்படி இருக்க வேண்டும். பேத்தலான வாதத்தை வைத்தால் கிளார்க் முட்டாளாகத் தெரிவார், கோபம் அவர்மேல் சிதறிவிடும்.

பிறகு அவனுக்கு மரியாதை நடக்கட்டும். அந்த வாரமே பள்ளி ஆண்டு விழா, வாசலில் ஃபிளெக்ஸ், அதில் "கல்வித் தந்தை" என்ற பட்டம். நீளமாக வேண்டாம், ஐம்பது சொல் போதும். அவள் அந்த ஃபிளெக்ஸைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குள் போக வேண்டும் என்று அமைத்துவிடுங்கள்.

அறிகுறி 3: "செம வில்லன்!"

நல்ல வசனம் எல்லாம் அவனிடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கதையை நகர்த்துகிறவன் அவன் ஒருவன்தானா என்றும் பாருங்கள். எதையாவது செய்கிறவன் பின்னால்தான் படிப்பவர் போவார். நாயகன் வீட்டில் உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் வில்லன்தான் கதாநாயகன். அவன் அடிப்பது யாரை என்பதும் முக்கியம். தன்னைவிடப் பலசாலியோடு மோதுகிறவனை நம் மனம் வெறுக்காது.

சரிசெய்ய, முதலில் பன்ச் வசனங்களில் மூன்றைத் தூக்குங்கள். மிச்சம் இருக்கும் நகைச்சுவையைத் திருப்பிப் பதில் சொல்ல முடியாதவர்கள்மேல் மட்டும் பாயவிடுங்கள், சுற்றி நிற்பவர்கள் சம்பளத்துக்காகச் சிரிக்கட்டும். இன்ட்ரோ பில்டப்பை எடுத்துவிட்டு, அவன் ஏதோ அன்றாட வேலையில், ஜெராக்ஸ் பில் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது அறிமுகம் செய்யுங்கள். மேலே இருக்கிறவர் முன் அவன் எப்படி ஆகிறான் என்று ஒருமுறை காட்டுங்கள்: மாவட்டக் கல்வி அலுவலரிடமிருந்து போன் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுகிறார், வைத்தபின் உட்கார்ந்துகொண்டு எதிரில் நிற்கும் அப்பாவை உட்காரச் சொல்லாமல் விடுகிறார். பிரமிப்பு அங்கேயே உதிர்ந்துவிடும்.

அவனுக்குக் கிடைக்கும் ஆதாயத்தையும் குறையுங்கள். கோடிக்காகக் குற்றம் செய்கிறவனிடம் ஒரு கவர்ச்சி ஒட்டிக்கொள்கிறது. 6,500 ரூபாய்க்காக ஒரு பெண்ணின் இரண்டு வருடத்தைக் காவு வாங்குகிறவனிடம் கவர்ச்சி எதுவும் தங்காது.

பயம் மட்டும் வந்து வெறுப்பு வராவிட்டாலும் இதே பகுதியின் மருந்துதான். மர்மத்தையும் மௌனத்தையும் குறைத்து, அவனைப் பகல் வெளிச்சத்தில், பேச்சுக் கொடுக்கிறவனாக உட்கார வையுங்கள்.

அறிகுறி 4: ஃபிளாஷ்பேக்குக்குப் பிறகு எல்லோரும் அவனுக்காக அழுகிறார்கள்

காரணம் ஃபிளாஷ்பேக்கின் நீளம், இடம், கோணம். தண்டனைக்குச் சற்று முன்னால், சிறுவனின் கண் வழியாக, நான்கு பக்கம் எழுதினால் படிப்பவர் கட்சி மாறிவிடுவார்.

கைகேயியின் மனத்தைக் கெடுத்த கூனிக்குக் கம்பன் கொடுத்திருக்கும் அளவு இன்றும் சரியான அளவு. சிறுவயதில் இராமன் வில்லிலிருந்து அடித்த மண்ணுருண்டை அவள் நினைவில் இருக்கிறது. கைகேயியின் அரண்மனைக்குள் கோபத்தோடு ஏறும்போது அதை நினைக்கிறாள். ஒரு பாட்டின் பிற்பாதி, அவ்வளவுதான். காயம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டுவிட்டு அவளைப் பேச விட்டுவிடுகிறான்.

உரைநடையில் 150 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். பெரிய கொடுமைக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். அதே கஷ்டத்தைப் பட்டு இப்படி ஆகாத ஒருவரைக் கதையில் எங்காவது நிறுத்துங்கள். தாளாளரும் ஒரு காலத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்றவர் என்றால், அவரோடு சேர்ந்து நின்றவர்தான் இன்று அந்தப் பள்ளியின் வாட்ச்மேன். அவர் அந்தப் பெண்ணுக்கு நிழலில் ஸ்டூல் எடுத்துப் போடுகிறார்.

அறிகுறி 5: "இப்படி ஒரு ஆள் இருப்பானா?"

கெட்டது செய்கிறோம் என்று தெரிந்து, அதை அனுபவித்துச் செய்கிறவனை நம்புவது கடினம். அவன் தன் தரப்பைத் தன் மனைவியிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொல்வதாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கதையில் சேர்க்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் அவன் பாதிக்கப்பட்டவனாகத் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும்: பேங்க் லோன், ஆசிரியர் சம்பளம், நன்றியில்லாத பெற்றோர்கள். எழுத வரவில்லை என்றால் ஆளை உங்களுக்கே இன்னும் தெரியவில்லை.

பிறகு அவனுக்கு உண்மையான ஒரு நல்ல குணம் கொடுங்கள். அது நடிப்பாக இருக்கக் கூடாது. தாளாளர் ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் போடுவார், நேரம் தவற மாட்டார். அந்த நேர ஒழுங்கே பத்து நிமிடம் தாமதமாக வந்த அப்பாவைத் திருப்பி அனுப்பக் காரணமாகட்டும். தனியாக நின்று சிரிப்பது, பாதிக்கப்பட்டவரிடமே திட்டத்தை விளக்குவது இரண்டையும் கண்ட இடத்தில் வெட்டுங்கள்.

அறிகுறி 6: கோபம் வில்லன்மேல் போகாமல் கதைமேல் திரும்புகிறது

தொடர்களில் இது அதிகம். "எத்தனை நாளைக்கு ஏமாறுவா இவ?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் பார்ப்பவர் சேனலை மாற்றத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம். வில்லி ஜெயிப்பது கதவிடுக்கில் ஒட்டுக்கேட்டும், கடைசி நிமிடத்தில் சார்ஜ் போன செல்போனாலும் என்றால் வெறுப்பு சேராது.

படிப்பவர் மனதில் ஓடும் யோசனைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் கதைக்குள் முயன்று பார்க்க வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாமே? கொடுக்கிறார்கள். மனு கல்வி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து "விளக்கம் கேட்டு" அதே தாளாளர் மேசைக்கு வந்து சேர்கிறது. பாக்கியைக் கடன் வாங்கிக் கட்டிவிடலாமே? கட்டப் போகிறார்கள், அதற்குள் தாமதக் கட்டணம் சேர்ந்து தொகை ஏறியிருக்கிறது. மூன்று வழியாவது இப்படி அடைபட வேண்டும். ஒவ்வொன்றும் வில்லனின் பதவியாலோ புத்தியாலோ அடைபட வேண்டும், தற்செயலால் கூடாது.

இடையில் சின்ன வெற்றிகளும் வேண்டும். தினத் தொடரில் நான்கைந்து எபிசோடுக்கு ஒன்று. அந்த வெற்றியால் வில்லன் எதையாவது நிரந்தரமாக இழக்க வேண்டும்; ஒரு ஆள், ஒரு பொய், ஒரு சாவி. மறுநாளே பழைய நிலைக்குத் திரும்பினால் அது வெற்றிக் கணக்கில் சேராது.

அறிகுறி 7: முடிவில் திருப்தி இல்லை, அல்லது வெறுப்பு வேறு யார்மேலோ போகிறது

இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. லாரி மோதிச் சாகும் வில்லன், கடைசிப் பக்கத்தில் திருந்தி அழும் வில்லன் இருவரும் படிப்பவரின் கோபத்தைக் கையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். எதைக் கொண்டு பறித்தானோ அது அவனிடமிருந்து போக வேண்டும், பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கையால் போக வேண்டும், முடிந்தால் அதே இடத்தில். கிளார்க் அம்மா எல்லோர் முன்னிலையிலும் டிராயரைத் திறந்து டிசியை எடுத்துக் கொடுப்பது, தாளாளர் சிறைக்குப் போவதைவிட ஆழமாக இறங்கும். நீளம், கொடுமைக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

சிலப்பதிகாரத்தில் அந்தக் கொல்லன் தனியாகத் தண்டனை பெறும் காட்சி இல்லை. பாண்டியன் குற்றத்தைத் தன்மேல் ஏற்று உயிர் விடுகிறான். காப்பியத்தின் உயரம் அதில்தான் இருக்கிறது. ஆனால் காப்பியத்தின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி, அதாவது உயிர்ப்பலி, செய்தான். ஒருவன் செய்த பொய்க்கு ஒரு தொழிலைச் சேர்ந்த ஆயிரம் பேர். பெயரில்லாத வில்லனை அவன் தொழிலின் பெயரால் மட்டுமே நினைவில் வைத்தால் வெறுப்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை.

உங்கள் கதையில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வில்லனின் நிறம், தழும்பு, ஊனம், வட்டாரப் பேச்சு, சாதியையோ மதத்தையோ காட்டும் பெயர், உடை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அவற்றைப் பாதிக்கப்படுபவருக்கு மாற்றிக் கொடுத்துப் படியுங்கள். வில்லன்மேல் வெறுப்பு அப்படியே நின்றால் அது அவன் செயலிலிருந்து வருகிறது. குறைந்துவிட்டால் இத்தனை நாள் அந்த அடையாளம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதை நீக்கிவிட்டு அறிகுறி 1-இலிருந்து மறுபடி எழுதுங்கள். கருத்த நிறமும் கன்னத் தழும்பும் கொடுத்து ஆளை நிறுத்துவது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, அதே தோலோடும் தழும்போடும் உட்கார்ந்து படிக்கிறவருக்குச் செய்யும் அநியாயமும்கூட.

திருத்திய பிறகு சோதிப்பது எப்படி

எழுதாதவர்கள் மூன்று பேரிடம் கொடுங்கள். "வில்லன்மேல் வெறுப்பு வந்ததா?" என்று கேட்காதீர்கள், வந்தது என்றுதான் சொல்வார்கள். தண்டனைப் பகுதியை எடுத்துவிட்டுக் கொடுத்து, "இவனுக்கு என்ன ஆகணும்?" என்று மட்டும் கேளுங்கள். "போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்" என்ற பொதுவான பதில் வந்தால் வெறுப்பு இன்னும் ஏறவில்லை, அறிகுறி 1, 2 இரண்டையும் மறுபடி பாருங்கள். "அந்த கிளார்க் அம்மா அவன் கண்ணு முன்னாடியே எடுத்துக் குடுக்கணும்" என்பது போல ஆள், இடம், பொருள் மூன்றும் பதிலில் வந்தால் ஏறிவிட்டது. எந்தப் பக்கத்தில் கோபம் தாங்கவில்லை என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூவரும் வெவ்வேறு பக்கங்களைக் காட்டினால் கொடுமை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் இரண்டை நீக்கி, மிச்சத்துக்கு அந்தச் சொற்களைக் கொடுங்கள்.